மூன்று லென்சுகளும் ஒரு தோட்டத்துக் கோயிலும்

இன்று படம் எடுக்காத மாணவரைப் பார்ப்பது அரிது. பொங்கல் விழாவில் பானை பொங்குவதற்குள் பத்துக் கைப்பேசிகள் அதன் மேல் நீண்டுவிடுகின்றன. இந்தக் காலத்தில் முதுகில் கனமான பையோடு அலையும் என்னைப் பார்த்து, "கைப்பேசியே நன்றாக எடுக்கிறதே, உனக்கு எதற்கு இந்தச் சுமை?" என்று பேரவை நண்பர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேமராவைக்கூட ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு கேமராவுக்கு மூன்று லென்சுகள் எதற்கு என்பதுதான் அவர்களுக்குப் புரியாத புதிர். அந்த மூன்றும் 'சூம்' செய்ய முடியாதவை என்று தெரிந்தால் சிரித்தே விடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு நின்ற இடத்தில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை. ஆகவே இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன். லென்சுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் எனக்கு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றவை விளங்கும்.

என் அம்மாவின் பெற்றோர் கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்கள். தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டி மட்டும் அதே லயத்து வீட்டில் இருந்தார். பிள்ளைகள் எவ்வளவு அழைத்தும் பட்டணத்துக்கு வர மறுத்துவிட்டார். சென்ற ஆண்டு தோட்ட நிலம் கைமாறியது. எஞ்சியிருந்த குடும்பங்கள் ஆண்டு இறுதிக்குள் தாமானுக்கு மாற வேண்டும், மாரியம்மன் கோயிலும் புதிய இடத்துக்குப் போகும் என்று முடிவாயிற்று. பழைய இடத்தில் நடக்கும் கடைசித் திருவிழா அதுதான். கோயில் நிர்வாகத்தில் இருக்கும் என் மாமா தொலைபேசியில் அழைத்தார்.

"நீதான் பெரிய கேமரா வச்சிருக்கியே. வந்து எல்லாத்தையும் எடுத்துக் குடுய்யா. இனிமே எடுக்க முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்க விடாமல் செய்தது. மண்டபத்தில் நடக்கும் கலைநிகழ்ச்சியில் ஒரு படம் சரியாக வராவிட்டால் அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ளலாம். இங்கே அடுத்த ஆண்டு என்ற ஒன்றே இல்லை.

எடுக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பாட்டியின் வீட்டு முன்னறை. எட்டடி ஆழம், பத்தடி அகலம். ஒரு குறைந்த வெளிச்ச மின்குமிழும் சாமி மேடையில் எண்ணெய் விளக்கும்தான் அங்குள்ள ஒளி. இரண்டாவது, இரவில் லயத்தைச் சுற்றி வரும் கரகமும் அம்மன் ஊர்வலமும். மூன்றாவது, கோயிலும் அதன் பக்கத்து அரசமரமும் மேலே வானமும் சேர்ந்த ஒரு காட்சி. மூன்றும் இருட்டில் நடப்பவை. மூன்றிலும் பின்வாங்கி நிற்க இடம் குறைவு, அல்லது அடக்க வேண்டிய பரப்பு பெரிது. ஃபிளாஷ் போட்டால் ஒரு நொடியில் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் விளக்கொளி செத்துப்போகும். விளக்கு எரிந்த வீட்டை விளக்கொளியில்தான் காட்ட வேண்டும் என்று நான் நினைத்தேன்.

கைப்பேசி இங்கே ஏன் போதாது? அது இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத பொருளுக்கு அந்த உத்தி அருமையாக வேலை செய்யும். கரகம் எடுத்து ஆடுகிறவர் அதற்காக நின்று கொடுக்க மாட்டார். ஃபுல் ஃபிரேம் கேமராவின் உணரி 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. கைப்பேசியின் உணரியைவிடப் பல மடங்கு பெரிது. ஒரே கணத்தில் அது அள்ளும் ஒளியும் அதற்கேற்ப அதிகம்.

ஒளியை உள்ளே விடுவது லென்சின் துளை. துளையின் விட்டத்தைக் குவியத் தூரத்தோடு ஒப்பிட்டுச் சொல்வதுதான் எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 2.8 இலிருந்து எஃப் 1.4க்கு வந்தால் நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். விநாடியில் 60இல் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்ட படத்தை 250இல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். முன்னதில் ஆடுகிறவரின் கால் கலங்கிப் போகும். பின்னதில் சலங்கையின் மணிகள் தெரியும். நல்ல சூம் லென்சுகளில் பெரும்பாலானவை எஃப் 2.8ஓடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டிய ஒருசிலவோ ஒரு கிலோ அளவுக்கு எடையுள்ளவை. அதனால்தான் ஒரே குவியத் தூரம் கொண்ட பிரைம் லென்சுகளைத் தேட வேண்டியிருக்கிறது.

அகலமான காட்சியும் பெரிய துளையும் ஒரே லென்சில் அமைவது முன்பு எளிதாக இருக்கவில்லை. பழைய எஸ்.எல்.ஆர். கேமராக்களில் லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே ஓர் ஆடி மேலும் கீழும் அசையும். அது அசைய இடம் வேண்டுமென்பதால் லென்சை முன்னே தள்ளிப் பொருத்தினார்கள். கேனனின் ஈ.எஃப். கேமராக்களில் அந்த இடைவெளி 44 மில்லிமீட்டர். 24 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் 44 மில்லிமீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு பிம்பத்தைக் குவிக்க வேண்டும் என்றால், கூடுதல் கண்ணாடிகளைச் சேர்த்துச் சுற்றுவழியில்தான் செய்ய முடியும். பிரான்சின் ஆன்ஜெனியூ நிறுவனம் 1950இல் வெளியிட்ட 35 மில்லிமீட்டர் லென்ஸ் இந்த வழிக்கு முன்னோடி. ஆடியை நீக்கிய மிரர்லெஸ் கேமராக்களில் இந்த இடைவெளி சோனியில் 18, கேனனில் 20, நிக்கானில் 16 மில்லிமீட்டராகச் சுருங்கியது. விளைவை எடையில் காணலாம். 2008இல் வந்த கேனனின் 24 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ் 650 கிராம். 2018இல் சோனி அதே அளவில் வெளியிட்ட ஜி.எம். லென்ஸ் 445 கிராம். 2015இல் சிக்மா எஸ்.எல்.ஆருக்குச் செய்த 20 மில்லிமீட்டர் எஃப் 1.4 லென்ஸ் 950 கிராம். அதே நிறுவனம் 2022இல் மிரர்லெஸ்ஸுக்குச் செய்தது ஏறத்தாழ 630 கிராம். மாணவன் ஒருவன் இத்தகைய லென்சைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுவது சாத்தியமானதற்கு இதுவே காரணம்.

என்னிடம் இருந்தது டியூசன் சொல்லிக் கொடுத்த பணத்தில் வாங்கிய பழைய சோனி ஏ7 வரிசைக் கேமரா. லென்சுகளை மூன்று இடங்களில் திரட்டினேன். திருமணப் படம் எடுக்கும் மூத்த மாணவரான ஓர் அண்ணன், 35 மில்லிமீட்டர் எஃப் 1.4 ஜி.எம். லென்சைக் கொடுத்தார். 524 கிராம். விண்மீன்களைப் படமெடுப்பதில் பித்துக்கொண்ட ஒரு சீன நண்பன் 20 மில்லிமீட்டர் எஃப் 1.8 ஜி லென்சை இரவல் தந்தான். 373 கிராம். 24 மில்லிமீட்டர் எஃப் 1.4ஐக் கோலாலம்பூரில் ஒரு கடையில் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்தேன்.

புறப்படுமுன் விடுதி அறையில் மூன்றையும் சோதித்துப் பார்த்தேன். சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 35 மில்லிமீட்டர் லென்சுக்குள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலச் சுவர் அடங்கியது. 24இல் மூன்று மீட்டர். 20இல் மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். பாட்டியின் முன்னறையில் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றால் எனக்குக் கிடைக்கும் தூரமும் அதே இரண்டு மீட்டர்தான். அங்கே பத்தடிச் சுவர் என்பது மூன்று மீட்டர். கணக்கு எனக்கு 24ஐக் காட்டியது.

ஆனால் 35ஐக் கொடுத்த அண்ணன் வேறு மாதிரி சொன்னார். "தம்பி, 35ஐ முழுசாத் திறந்து பாட்டி முகத்த எடு. பின்னால எல்லாம் பஞ்சு மாதிரி கரைஞ்சிரும். கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைதான முக்கியம், மண்டபத்து நாற்காலிய யாரு பாக்கப் போறா?" அவர் தொழிலில் அது முழு உண்மை. பெரிய துளை லென்சுகளைப் பலர் வாங்குவதே அந்தப் பஞ்சுப் பின்புலத்துக்காகத்தான்.

இந்த இடத்தில்தான் நான் சற்று ஆழமாகப் படித்துப் பார்த்தேன். படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது எஃப் எண். பின்புலம் எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பதோ துளையின் உண்மையான அகலம். 35ஐ 1.4ஆல் வகுத்தால் 25 மில்லிமீட்டர். 24ஐ 1.4ஆல் வகுத்தால் 17. 20ஐ 1.8ஆல் வகுத்தால் 11. ஆக, 35உம் 24உம் எஃப் 1.4இல் ஒரே அளவு வெளிச்சமான படத்தைத் தந்தாலும், 24இன் துளை சிறியது என்பதால் பின்னாலுள்ளவை அவ்வளவாகக் கரைவதில்லை. இரண்டு மீட்டரில் ஒருவரைக் குவித்தால் 35இல் சுமார் 28 சென்டிமீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும். 24இல் 60 சென்டிமீட்டர். 20இல் ஒரு மீட்டருக்கும் மேல். அகன்ற பெருந்துளை லென்ஸ் இருட்டில் ஒளியையும் கொடுத்து, இடத்தையும் விட்டுவைக்கிறது. எனக்கு வேண்டியது அதுதானே என்று தோன்றியது.

தோட்டத்துக்குப் போய் முதல் நாள் மாலை பாட்டியைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். முதலில் 35ஐ மாட்டினேன். முகம் மட்டும் சட்டகத்தை நிறைத்தது. கேமராவின் திரையைப் பாட்டியிடம் காட்டினேன். அழகாகத்தான் இருந்தது. பாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என் மூஞ்சிய மட்டும் எடுத்து என்னய்யா செய்யப் போற? இது எங்க போனாலும் என்கூடத்தான வரும். தாத்தா படம், சாமி படம், அந்தச் செவுரு, எல்லாம் தெரியறாப்ல எடு."

நான் பல நாள்களாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததைப் பாட்டி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். முகம் பாட்டியோடு தாமானுக்கு வரும். சுவர் வராது. தாத்தா கையால் சுண்ணாம்பு அடித்த சுவர் அது. அம்மாவும் மாமாவும் வளர்ந்த உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் அதன் ஓரத்தில் இன்னும் இருந்தன. திருமணப் படத்தில் பின்புலம் வெறும் நாற்காலி. இங்கே பின்புலம்தான் இடிபடப் போகிறது. அதைப் பஞ்சாகக் கரைத்துவிட்டு எதைக் காப்பாற்றுவது?

24ஐ மாட்டினேன். எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். பாட்டியைத் தாத்தா படத்துக்குக் கீழே, சுவரை ஒட்டி உட்கார வைத்து, முகத்துக்கும் சுவருக்கும் நடுவில் குவித்தேன். துளை எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200, நேரம் விநாடியில் 60இல் ஒரு பங்கு. பாட்டியின் முகம், விளக்கு, தாத்தா, நாள்காட்டி, பென்சில் கோடுகள் எல்லாம் ஒரே படத்தில் வந்தன. 20ஐயும் போட்டுப் பார்த்தேன். அதில் இரு பக்கச் சுவர்களும் வந்தன. அறை உண்மையில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. ஆறு பேர் நெருக்கியடித்து வாழ்ந்த வீட்டை மாளிகையாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை.

மறுநாள் இரவு கரகம் புறப்பட்டது. அங்கும் 24தான். முழுத் துளை எஃப் 1.4, ஐ.எஸ்.ஓ. 6400, 250இல் ஒரு பங்கு. உறுமிமேளக்காரர்களுக்கும் கரகக்காரருக்கும் நடுவே ஓரிரு மீட்டர் தூரத்தில் பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்தேன். இந்த லென்சோடு தூர நின்று எடுக்க முடியாது. தள்ளி நின்றால் மனிதர்கள் எறும்பாகிவிடுவார்கள். ஆகவே ஊர்வலத்துக்குள்ளே போக வேண்டும். தண்ணீர் ஊற்றும் பெண்களின் குடத்து நீர் என் சட்டையிலும் பட்டது. "யாரு பேரன்டா நீ?" என்று கேட்டவர்களுக்கு நடந்துகொண்டே பதில் சொன்னேன். பதில் சொன்ன பிறகு அவர்கள் முகத்தில் இறுக்கம் இல்லை. அது படங்களில் தெரிகிறது.

கோயில் முன் அனைவரும் சேர்ந்து நின்ற குழுப் படத்துக்கு மட்டும் 35. அகன்ற லென்சின் ஓரத்தில் நிற்பவர்களின் தலை பக்கவாட்டில் நீளும். இது லென்சின் குறையன்று, உருண்டையான தலையைத் தட்டையான பரப்பில் விரிப்பதால் வரும் வடிவியல் விளைவு. சட்டகத்தின் இட வல ஓரங்களில் 20 மில்லிமீட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், 24இல் கால் பங்கு அளவுக்கும், 35இல் எட்டில் ஒரு பங்கு அளவுக்கும் போகும். குழுப் படங்களில் ஓரத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்களுடைய கடைசித் தோட்டத்துப் படத்தில் முகம் பூசணிக்காயாக வரக்கூடாது. பின்னே திடல் இருந்ததால் தள்ளிப்போய், துளையை எஃப் 4க்குச் சுருக்கி எடுத்தேன்.

20 மில்லிமீட்டரின் நேரம் அதிகாலை மூன்று மணிக்கு வந்தது. விளக்குச் சரங்களை மாமா அணைத்துவிட்டார். கேமராவை முக்காலியில் வைத்துக் கோயிலையும் அரசமரத்தையும் வானத்தையும் ஒருசேர எடுத்தேன். பூமி சுழல்வதால் விண்மீன்கள் கோடாக இழுபடாமல் இருக்க, 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்து வரும் விநாடிகளுக்குள் எடுக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 20க்கு 25 விநாடி. நான் பாதுகாப்பாக 15 விநாடிதான் வைத்தேன். பெருந்துளை லென்சுகளின் இன்னொரு சோதனையும் இங்கேதான். முழுத் துளையில் மூலைகளிலுள்ள விண்மீன்கள் சிறகு முளைத்த பூச்சிகள் போல் மாறுவதுண்டு. இதற்குக் கோமா என்று பெயர். நண்பனின் லென்ஸ் இதில் என்னைக் கைவிடவில்லை. கோபுரத்துக்கு மேலே பால்வீதி மங்கலாகக் கிடந்தது. மாமா பக்கத்தில் வந்து பார்த்து, "இத்தன வருசம் இது நம்ம தலைக்கு மேலதான் இருந்துச்சா?" என்றார்.

இரவல் லென்சுகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு எனக்கென்று ஒன்று வாங்க நினைத்தேன். எஃப் 1.4க்கும் 1.8க்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 65 விழுக்காடு ஒளி. பெரிதாகத் தோன்றினாலும், ஐ.எஸ்.ஓ. 4000க்குப் பதில் 6400 வைத்தால் அது ஈடாகிவிடும். குவியத் தூரத்துக்கு அப்படி ஈடு எதுவும் இல்லை. இரண்டு மீட்டர் அறையில் சுவரைப் பின்னுக்குத் தள்ள முடியாது. ஆகவே நான் எஃப் 1.4ஐ விட்டுவிட்டேன், 24ஐ விடவில்லை. சிக்மா 2021இல் வெளியிட்ட 24 மில்லிமீட்டர் எஃப் 2 லென்சைப் பழையதாக வாங்கினேன். 365 கிராம். பாட்டியை எடுத்த அதே துளை. வேறு நிறுவனத்தின் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. நிக்கானில் 24 மில்லிமீட்டர் எஃப் 1.8 இருக்கிறது; கேனனில் அதே அளவில் 270 கிராமே உள்ள லென்ஸ் இருக்கிறது.

பாட்டி இப்போது தாமானில் இருக்கிறார். புது வீட்டுச் சுவர் வழவழப்பானது. அதில் ஆணி அடிக்க மாமா தயங்கினார். பாட்டியே அடிக்கச் சொன்னாராம். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் அந்த 24 மில்லிமீட்டர் படம் பெரிதாக்கப்பட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வருகிறவர்களிடம் பாட்டி தம் முகத்தைக் காட்டுவதில்லை. பென்சில் கோடுகளைத்தான் விரலால் தொட்டுக் காட்டுகிறார்.

பேரவை நண்பர்களே, நம்மில் பலருக்குத் தோட்டத்திலோ கம்பத்திலோ பழைய அடுக்குமாடியிலோ இப்படி ஒரு வீடு இருக்கும். லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். சுவருக்கும் சுவருக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து வாருங்கள். விளக்கு எங்கே எரிகிறது என்றும் பார்த்து வையுங்கள். எந்த லென்ஸ் என்பது அதிலேயே தெரிந்துவிடும். லென்ஸ் வாங்க வசதி இல்லையென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது, கேளுங்கள், தருகிறேன்.